பிரிக்காத சீட்டு

சாமுவேலுக்கு,

இங்கு யாவரும் சுகம் என்று ஆரம்பிக்க இன்று எனக்கு மனசில்லை. நான் கோபமாக இருக்கிறேன். இந்தக் கோபத்தில் முழங்கால் வலி கூடத் தெரியவில்லை, அந்த மட்டும் நீ எனக்குச் செய்த உபகாரம். போன மாதம் பாளையம்பட்டிக் கோயில் கூடத்தில் வந்து பேசிவிட்டுப் போனாய். பதினைந்து நாள் கழித்து உன் உறை வந்தது. உள்ளே ஒரு கடிதம், நாலாக மடித்து ஓரத்தில் பசை வைத்த இரண்டு சீட்டு. உலகச் சண்டை முடிந்து கப்பல் ஓட ஆரம்பித்துவிட்டது, சீமையில் ஒரு கல்லூரியில் மூன்று வருஷம் அணு சாஸ்திரம் ஆராய உனக்கு இடம் கிடைத்திருக்கிறது, போவதா வேண்டாமா என்று உனக்குத் தெரியவில்லை. ஆகையால் ஒரு சீட்டில் ‘போ’ என்றும் மற்றதில் ‘வேண்டாம்’ என்றும் எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவற்றை மேசைமேல் வைத்து, ஜெபம் பண்ணி, உபதேசியார் கையால் ஒன்றை எடுக்கச் சொல்லவேண்டும். எடுத்ததைப் பிரிக்காமல் உனக்கு அனுப்பிவிட்டு, மற்றதை அடுப்பில் போடவேண்டும். இவ்வளவும் நான் செய்யவேண்டிய வேலை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாய்: ‘பிரிக்கும்வரை அந்தச் சீட்டு போ என்பதும் அல்ல, வேண்டாம் என்பதும் அல்ல, இரண்டும் கலந்த ஒன்று அம்மா, புதிய சாஸ்திரமும் இதைத்தான் சொல்கிறது.’ அந்த வரியைப் படித்துவிட்டு நான் வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தேன்.

இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்துகிறவள் நான். முதலில் உன் பேச்சைத் திருத்துகிறேன், பிறகு உன் சீட்டைத் திருத்துகிறேன். இதை ரகசியம் என்று நினைத்து ஒளித்துவைக்காதே. உன் விடுதிச் சிநேகிதர்கள் முன்னால் சத்தமாகப் படி. இங்கே உபதேசியாருக்கு ஒரு நகல் எழுதி வைத்துவிட்டேன், நாளைக்குக் கொடுத்துவிடுவேன். அவர் அதைச் சபையில் படித்தாலும் சரி, படித்துவிட்டு என்னைச் சபையைவிட்டுத் தள்ளினாலும் சரி.

‘அணுவும் ஆண்டவரும்’ என்று உன் பேச்சுக்குத் தலைப்பு வைத்திருந்தாய். அந்த வெயிலில் கோட்டு வேறு. தலைமை தாங்க அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் எழுந்து, இந்த அணு கிணு எல்லாம் நம்முடைய பெரியவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்ததுதான், வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான் என்றார். பாதி ஜனம் கை தட்டியது. எந்த ஓலையில், எந்தக் கணக்கில், எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று நீ கேட்கவில்லை. படித்தவன் நீ ஒருத்தன்தான் அங்கே. நீயும் தலையை ஆட்டினாய். அந்த ஆட்டத்தை நான் மூன்றாவது வரிசைப் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ பேசினாய். ரேடியத்தில் உள்ள அணுக்கள் ஒன்றுக்கொன்று அச்சு அசல், ஒரு வித்தியாசமும் கிடையாது, ஆனால் ஒன்று இந்த நிமிஷம் சிதறும், பக்கத்தில் இருப்பது ஆயிரம் வருஷம் சும்மா இருக்கும், ஏன் என்று கேட்டால் காரணமே இல்லை என்றாய். அதுவரைக்கும் சரி. அடுத்தபடியாக, காரணம் இல்லாத அந்த இடத்தில்தான் கர்த்தருடைய விரல் இருக்கிறது என்று ஒரு போடு போட்டாய். ‘ஸ்தோத்திரம்’ என்று கூடமே எழும்பியது. எனக்கோ, விடை வராத கணக்கில் தம் பாட்டுக்கு ஒரு எண்ணை எழுதிவிட்டு என் மூஞ்சியைப் பார்க்கும் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். தெரியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் கர்த்தர் பேரைச் சொல்கிறவன் சாஸ்திரியும் இல்லை, விசுவாசியும் இல்லை. நாளைக்கு எவனாவது காரணத்தைக் கண்டுபிடித்தால் உன் கர்த்தரை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பாய்?

அன்று ஒரே ஒரு ஆள்தான் உருப்படியாகப் பேசியது. ரெட்டியபட்டி எஸ்தர் அத்தை, பருத்தி எடுக்கிற அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? “ஏய்யா, பாத்தாத்தான் உண்டு, பாக்காட்டி ரெண்டும் கெட்டானா இருக்கும்னு சொல்றியே. நான் எட்டிப் பாக்காட்டி எங்க கெணத்துல தண்ணி கெடக்குமா, கெடக்காதா?” என்று கேட்டாள். கூடம் கொல்லென்று சிரித்தது. நீயும் சிரித்தாய். “அது பெரிய கேள்வி அத்தை” என்று சொல்லி உட்காரவைத்தாய். அது பெரிய கேள்விதான், அதனால்தான் நீ அதைச் சிரித்துக் கழித்தாய். கிணற்றில் தண்ணீர் கிடக்கும், அணுவின் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை, அந்தத் தண்ணீரும் அணுக்களால்தான் ஆனது, அப்படியானால் எந்த அளவில் ஒரு சட்டம் முடிந்து இன்னொரு சட்டம் ஆரம்பிக்கிறது என்று இன்றைக்கு உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. நீயே எனக்கு எழுதியதுதானே இது? இதை அவளிடம் சொன்னால் என்ன? வெயிலில் நான்கு மைல் நடந்து வந்தவள், ஐப்பசி மழை பொய்த்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு மைல் போகிறவள், கிணற்றைப் பற்றிக் கேட்க அவளைவிட யாருக்கு உரிமை இருக்கிறது? திரும்பும்போது என்னிடம், “டீச்சரம்மா, நான் மடத்தனமா கேட்டுப்புட்டனா?” என்றாள். நீ இல்லடி, மடையன் மேடையில இருக்கான் என்றேன். அவள் நம்பவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு என்ன தெரியும் என்பாய். நீ காலேஜுக்குப் போனதிலிருந்து எழுதிய கடிதம் முழுக்க என்னிடம் இருக்கிறது. முதன்முதலில் ரேடியத்தைப் பற்றி எழுதினபோது நான் உனக்குத் திருப்பி எழுதினதை நினைத்துப்பார். பருத்தி எடுப்புக் காலத்தில் என் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வராது. எந்தப் பாதி என்று காலையில் எனக்குத் தெரியாது, ஆனால் பாதி என்று தெரியும். உன் ரேடியமும் அப்படித்தானே, எது சிதறும் என்று தெரியாது, இத்தனை வருஷத்தில் பாதி என்று மட்டும் தெரியும். ஆனால் நான் சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கேட்கிறவள். ஒருத்திக்குத் தம்பிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவேண்டும், ஒருத்தனுக்கு மாடு ஈன்றிருக்கும், ஒருத்தன் சிலேட்டை உடைத்துவிட்டு எனக்குப் பயந்து கம்மாய்க்குள் ஒளிந்திருப்பான். காரணம் இல்லாமல் ஒரு பிள்ளையும் வராமல் இருந்ததில்லை. நாம் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை, அதனால் காரணம் தெரியவில்லை, அணுவுக்கும் அப்படி ஒரு வீடு இருக்கும் என்று எழுதினேன். நீ பதிலுக்கு, சீமையிலேயே ஒரு பெரிய மேதை ஏறக்குறைய உன் கட்சிதான் அம்மா, மற்றவர்கள் அவர் கிழவராகிவிட்டார் என்கிறார்கள் என்று எழுதினாய். அன்று பூராவும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிறகுதான் அந்த இரண்டு திறப்புக் கணக்கை அனுப்பினாய். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு தடுப்பில் இரண்டு சிறு திறப்பு. எலெக்ட்ரானை ஒவ்வொன்றாக, ஒன்று போய்ச் சேர்ந்தபிறகு அடுத்தது என்று அனுப்புவதாக வைத்துக்கொள், அந்தப்பக்கம் அவை விழும் இடம் கோடு கோடாக வரும், நடுநடுவே ஒன்றுமே விழாத இடம் இருக்கும். ஒரு திறப்பை அடைத்துவிட்டால் அந்தக் காலி இடத்திலும் வந்து விழும். எது எந்தத் திறப்பு வழியாகப் போகிறது என்று நின்று பார்த்தால் கோடே மறைந்துவிடும். இதுதானே நீ எழுதினது? நான் ஒரு தகரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, கீழே மணலைப் பரப்பி, பருத்திக்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். “என்னா செய்றீக டீச்சரம்மா?” என்று பிள்ளைகள் சுற்றி நின்றன. இரண்டு குவியல் வந்தது. இரண்டாவது ஓட்டையைத் திறந்தால் கொட்டை கூடுதலாகத்தான் விழுகிறது, எந்த இடத்திலும் குறையவில்லை. வேலியில் இன்னொரு வழியைத் திறந்துவிட்டதற்காக, ஏற்கெனவே ஆடு வந்துகொண்டிருந்த இடத்துக்கு ஆடு வராமல் போகுமா? போகாது. ஆனால் உன் எலெக்ட்ரான் வராமல் போகிறது. தனியாக வருகிற ஒன்று, தான் போகாத திறப்பு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எப்படி அறிகிறது? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீடு வீடாகப் போய்க் கேட்கிற நியாயம் அங்கே அப்படியே படுத்துவிட்டது. கர்த்தரை நான் குறை சொல்வதில்லை, ஆனால் அந்த மூன்று நாள், இவ்வளவு பெரிய புதிரைப் படைத்தவர் எங்கள் உபதேசியார் கும்பிடுகிற ஆளாக இருக்க முடியாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

உன்மேல் எனக்குள்ள கோபத்தில் முக்கால்வாசி இதுதான். அப்படி ஒரு கேள்வி கையில் இருக்கிறவன், அதை எடுத்துக்கொண்டுபோய்ப் பாளையம்பட்டியில் வித்தை காட்டுகிறான். கேள்வியைக் கேள்வியாக வைத்திருக்க உனக்குத் தைரியம் இல்லை. ‘இரண்டும் கலந்த ஒன்று’ என்று எலெக்ட்ரானைப் பற்றிச் சொல்வதற்கு எத்தனையோ பேர் தலையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்கள், நீயோ அதே வார்த்தையை மடித்த காகிதத்துக்குச் சொல்கிறாய். காகிதத்தில் மை காய்ந்த நிமிஷமே அதில் என்ன இருக்கிறது என்று தீர்ந்துபோயிற்று. பார்க்கிறவனுக்குத் தெரியாது, எழுதினவனுக்குத் தெரியும். சீட்டு எஸ்தர் அத்தையின் கிணறுதான். இது தெரியாத ஒருத்தனுக்குச் சீமையில் இடம் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்தேன். இது உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

இப்போது உன் பேச்சின் கடைசிப் பாகத்துக்கு வருகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ காலேஜுக்குப் போவதா, அல்லது நம் பள்ளிக்கூடத்தில் காலியாயிருந்த வாத்தியார் வேலையில் சேர்வதா என்று சீட்டுப் போட்டுப் பார்த்ததைச் சொன்னாய். ‘என் விரல் முதல் சீட்டின்மேல் நின்றது. பிறகு இரண்டாவது சீட்டுக்கு நகர்ந்தது. அந்த ஒரு நொடியில் என் வாழ்க்கை இரண்டு பக்கமும் இருந்தது. என் விரலை நகர்த்தியது யார்?’ என்று கேட்டு நிறுத்தினாய். உபதேசியார் கண்ணைத் துடைத்தார். நான் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், சாமுவேல். சிரித்து முடித்தபிறகுதான் அழுகை வந்தது.

அந்த இரண்டு சீட்டையும் எழுதினது நான். உபதேசியாருக்குக் கண்ணாடி உடைந்துபோயிருந்தது, “டீச்சரம்மா, நீங்களே எழுதிருங்க, எழுத்து மணியா இருக்கும்” என்றார். சமையற்கட்டுக்குப் போய் எழுதினேன். இரண்டிலும் ‘போ’ என்று எழுதினேன். மடித்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து ஜெபத்துக்கு முழங்காலும் போட்டேன். உன் விரல் அங்கேயும் இங்கேயும் அலைந்தபோது எனக்கு ஒரு பதற்றமும் இல்லை. எதை எடுத்தாலும் ஒன்றுதான். உன் வாழ்க்கை அந்த நொடியில் ஒரே பக்கம்தான் இருந்தது, என் சமையற்கட்டுப் பக்கம். எடுக்காத சீட்டை நெருப்பில் போடுவது வழக்கம் அல்லவா, கொடுங்க நான் போட்டுர்றேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மிளகு டப்பாவில் ஏழு வருஷமாக இருக்கிறது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் அப்பா நல்ல மனுஷன். பஞ்சு அரைக்கிற ஆலையில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்தவர், தன் மகன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும் என்று ஆசைப்பட்டார். “அவன் இங்கனயே வாத்தியாரா இருக்கட்டும், நமக்கு அது போதாதா?” என்றார். எனக்குப் போதாது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தவள். எனக்கும் கணக்கு வந்தது, என்னையும் மேலே படிக்க அனுப்பலாம் என்று எங்கள் போர்டிங் பள்ளியில் ஒரு அம்மா சொன்னாள். எங்கள் வீட்டில் அதற்குச் சீட்டுக் கூடப் போட்டுப் பார்க்கவில்லை. உன் அப்பாவோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கவேண்டும் நான். பெண்சாதி நேருக்கு நேர் நின்று ‘என் மகன் போகவேண்டும்’ என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்ல வாய் வரவில்லை. கர்த்தர் வாயில் என் வார்த்தையை வைத்துவிட்டு, கிருபை என்று எல்லாரோடும் சேர்ந்து பாட்டும் பாடினேன். என்னைவிடக் கேவலமான ஒருத்தியை இந்தத் திருச்சுழிப் பக்கத்தில் நீ தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

அதற்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேட்டுக்கொள். இரண்டு வருஷத்துக்கு முன் உன் அப்பா விஷக்காய்ச்சலில் கிடந்தபோது உனக்குப் பரீட்சை. தந்தி கொடுக்க வீரசோழன் பக்கத்து பாய் ஒருத்தர் டவுனுக்குப் போகிறார், சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கரியில் ஓடுகிற பஸ்ஸும் ரயிலும் மாறி நீ இரண்டு நாளில் வந்துவிட்டிருப்பாய். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “வேண்டாம். கர்த்தர் போன்னு அனுப்புன புள்ளைய நாம எப்படித் திரும்பி வான்னு கூப்புடுறது?” என்றார்கள். அவர்கள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, பெருமைதான் இருந்தது. அந்தச் சமயத்திலாவது, அது கர்த்தர் இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெருமையும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நாலாம் நாள் போய்விட்டார்கள். உன்னைக் கேட்டுக்கொண்டே போனார்கள், கூப்பிடாமலே கேட்டார்கள். நீ வந்தபோது குழியில் மண் காய்ந்திருந்தது. உன் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தது சமையற்கட்டில் நான் எழுதின ஒரு எழுத்து. இதற்கு நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன். கேட்கிற மூஞ்சியும் எனக்கு இல்லை.

இன்னொன்று. எங்கள் கல்யாணமும் சீட்டுப் போட்டுத் தீர்ந்ததுதான். ‘கர்த்தர் எனக்குக் குடுத்தவ’ என்று அவுக சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டுகளை யார் எழுதினார்களோ, எடுக்காத சீட்டில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் எழுதத் தெரிந்தது உன் அப்பா ஒருத்தர்தான்.

சரி, உன் சீட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலை கட்டி, சீட்டுகளை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன். படி இறங்கினவள் திரும்பி உள்ளே வந்தேன். உன் அம்மா நான், எனக்கு அந்த வேலை தெரியும். பசையை ஆவியில் காட்டி, முதல் சீட்டைப் பிரித்தேன். ‘வேண்டாம்’ என்று இருந்தது. இரண்டாவதையும் பிரித்தேன். அதிலும் ‘வேண்டாம்’.

அட பாவி மகனே.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. எங்கே கற்றாய் இதை? நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையே. நான் செய்தது உனக்குத் தெரியாதே. பாலோடு சேர்த்துக் குடித்துவிட்டாயா? ஆனால் ஒன்று, நான் அயோக்கியத்தனம் பண்ணினபோது ஒரு பையனைக் கடல்போல இருக்கிற ஒரு படிப்புக்குள்ளே தள்ளிவிட்டேன். நீ பண்ணின அயோக்கியத்தனம் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வதற்கு. அதற்கு உபதேசியார் கை வேண்டும், சபை ஜெபம் வேண்டும், கர்த்தர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே விதவைத் தாய் ஒருத்தி தபாலில் அனுப்பிவைக்கவும் வேண்டும். பிறகு பத்து வருஷம் கழித்து ஏதாவது ஒரு கூடத்தில் நின்று, நான் போயிருந்தால் பெரிய ஆளாயிருப்பேன், கர்த்தருக்குச் சித்தமில்லை என்று கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுவாய். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அம்மா தனியாக இருக்கிறாள், அதனால்தான் என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தப் பழியைத் தூக்க என் முதுகில் இடம் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எஸ்தர் இருக்கிறாள், அவள் கேள்விகள் இருக்கின்றன. நீ ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, உன் காலேஜ் பெரிய வாத்தியார் உன் கணக்கை எல்லார் முன்னாலும் பலகையில் எழுதச்சொல்லி, நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து, இதற்குமேல் எல்லாம் தப்பு என்று அழித்துவிட்டதாகச் சொன்னாய். சொல்லும்போது சிரித்தாய், ஆனால் சோற்றைத் தொடவில்லை. சீமையில் எல்லாரும் அவரைப் போலத்தான் இருப்பார்கள் என்று பயந்துவிட்டாய். இருப்பார்கள். அதற்கென்ன? என் கையால் எத்தனை சிலேட்டை அழித்திருப்பேன், எந்தப் பிள்ளை செத்துப்போனது? அழுதுவிட்டு எச்சிலைத் தொட்டுத் துடைத்து மறுபடி எழுதுகின்றன. ஆறு வயசுப் பிள்ளைக்கு இருக்கிற ரோஷம் உனக்கு இல்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம். உன்னைத் திட்டித் திட்டி எழுதுகிறேன், ஆனால் அந்தப் பருத்திக்கொட்டையைப் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்த மூன்று நாளில், இதற்கு விடை கண்டுபிடிப்பவர்கள் கூட்டத்தில் என் மகனும் ஒரு ஓரத்தில் நிற்பான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் நின்றால் போதும் எனக்கு.

போகவேண்டாம் என்று உனக்கே தோன்றினால் போகாதே. திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ ஒரு வாத்தியாராக வந்து உட்கார். நான் மூன்று மாதம் உன்னோடு பேசமாட்டேன், பிறகு பேசுவேன், சோறும் போடுவேன். ஆனால் அதை நீ சொல்லவேண்டும். ‘எனக்குப் பயமாக இருக்கிறது, நான் போகவில்லை’ என்று உன் வாயால் சொல்லவேண்டும். போகிறதானாலும் நீதான் சொல்லவேண்டும். நான் அன்றைக்கு அப்படிச் சொல்லாமல் போனதற்கு உன் அப்பா கூலி கொடுத்தார்.

இந்த உறைக்குள் மூன்று சீட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நீ அனுப்பினவை. மூன்றாவது மிளகு வாடை அடிக்கும், நீ அன்றைக்கு எடுக்காமல் விட்டது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார். ஒன்று என் கையெழுத்து, இரண்டு உன் கையெழுத்து. கர்த்தர் எதிலும் எழுதவில்லை.

பதிலைத் தபால் கார்டில் எழுது. போகிற வழியில் தபால்காரர் படிக்கட்டும், உபதேசியார் படிக்கட்டும், எஸ்தருக்கு நான் படித்துக் காட்டுகிறேன். உறை வேண்டாம். கார்டை மடிக்க முடியாது.

உன்னைப் பெற்றவள்